தங்கச்சிக்கு லூபஸ்: எதிர்ப்பு சக்தியை ஏன் அடக்க வேண்டும்?

உசிலம்பட்டி அண்ணன்:
எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். தங்கச்சிக்கு 23 வயது. விடியலில் மொட்டு கிள்ளும்போது விரல் மடங்கவில்லை என்றாள். சித்திரை வெயிலில் களை எடுத்த பிறகு மூக்கிலும் இரண்டு கன்னத்திலும் சிவந்து தடித்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் லூபஸ் என்றார்கள். ரத்த டெஸ்டில் ஏ.என்.ஏ. பாசிட்டிவ், சி3, சி4 குறைவு. உடம்பில் எதிர்ப்பு சக்தி இல்லை என்று அம்மா சீந்தில் கஷாயம் காய்ச்சுகிறார். டாக்டர் கொடுத்திருப்பதோ அதை அடக்கும் மாத்திரை. யார் சொல்வதைக் கேட்பது?

திருமங்கலம் டீச்சர்:
தம்பி, டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். எனக்கும் லூபஸ்தான், கல்லூரிக் காலத்திலிருந்து.

எதிர்ப்பு சக்தி இல்லாததால் வருவதில்லை இது. அது ஆள் தெரியாமல் அடிப்பதால் வருவது. உடம்பில் தினமும் செல்கள் சாகும், அந்தக் கழிவை உடம்பே அகற்றிவிடும். லூபஸில் அது சரியாக நடக்காது. செல்லுக்குள் இருக்க வேண்டிய டி.என்.ஏ. வெளியே கிடக்கும். அதை வைரஸ் என்று நினைத்து இன்டர்ஃபெரான் என்கிற எச்சரிக்கைப் பொருள் சுரக்கும், பி செல்கள் என்கிற வெள்ளணுக்கள் அதற்கெதிராக ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், செய்யும். ஏ.என்.ஏ. டெஸ்டில் தெரிவது இந்த மாதிரி ஆன்டிபாடிதான். டி.என்.ஏ.வும் ஆன்டிபாடியும் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றி, தோலிலும் கிட்னி வடிகட்டியிலும் படியும். படிந்த இடத்தில் வீக்கம். சி3, சி4 என்கிற ரத்தப் புரதங்கள் அந்தச் சண்டையில் செலவாவதால்தான் குறைகின்றன.

வெயிலும் அப்படித்தான். புற ஊதாக் கதிர் பட்டால் தோல் செல்கள் இன்னும் அதிகமாகச் சாகும். தங்கச்சி பொழுது ஏறும் முன் பூ எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடட்டும். களை எடுக்க வேறு ஆள் பாருங்கள்.

கஷாயத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். ஏற்கெனவே கொதிப்பதை மேலும் தூண்டக் கூடாது. சீந்தில் குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக மருத்துவ இதழ்களிலேயே வந்திருக்கிறது. லூபஸுக்கு அடிப்படை மாத்திரையான ஹைட்ராக்சிகுளோரோகுயினை மட்டும் விடவே கூடாது. வலி குறைந்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதைப் பார்த்தால் பதறுகிறது. அந்த மாத்திரை விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் முதல் வருடத்தில் ஒரு தடவை, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடாவருடம் கண்ணைப் பார்க்கச் சொல்வார்கள். நான் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் பார்க்கிறேன். ஸ்டீராய்டையும் நீங்களாகச் சட்டென நிறுத்தாதீர்கள்.

லேப் டெக்னீசியன், மேலூர்:
யூரின் டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள். கிட்னியில் படிந்தால் ஆரம்பத்தில் வலி இருக்காது, சிறுநீரில் புரோட்டீன் மட்டும் வெளியேறும். சிறுநீர் நுரைத்தாலோ கால், முகம் வீங்கினாலோ அடுத்த ஓ.பி. வரை காத்திருக்க வேண்டாம்.

உசிலம்பட்டி அண்ணன்:
கஷாயத்தை நிறுத்திவிட்டோம். இது தொற்றுமா, கல்யாணம் பண்ணலாமா என்று அம்மா அழுகிறார்.

திருமங்கலம் டீச்சர்:
தொற்றாது. இந்த நோய் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் தங்கச்சி வயதில்தான் வரும். கல்யாணம் தாராளமாகப் பண்ணலாம், எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்த பிறகு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு குழந்தைக்குத் திட்டமிட வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் கர்ப்பத்திலும் தொடரும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோஃபீனோலேட் மாத்திரை கொடுத்திருந்தால், அது கருவைப் பாதிக்கும் என்பதால் முன்கூட்டியே மாற்றித் தருவார்கள். மாப்பிள்ளை வீட்டில் மறைக்காதீர்கள் தம்பி, மாத்திரையை ஒளித்துச் சாப்பிடுகிற நிலை அவளுக்கு வரக் கூடாது.