இம்பிரெசாவுக்கு எந்தக் கிளச் போடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், தம்பிமார். என்னிடம் பழைய சுபாரு இம்பிரெசா டபிள்யூஆர்எக்ஸ் இருக்கு, ஐந்து கியர், டர்போ பூஸ்டைக் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கிறேன். இப்ப கந்தளாய் றோட்டில் நாலாம் கியரில் மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறுது, வேகம் ஏறவில்லை, ஒரு கருகல் மணமும் வருது. கிளச் வழுக்குது, அதில் சந்தேகமே இல்லை.

கராஜில் ஒருவர் செராமிக் பிளேட்தான் போட வேண்டும் என்று நிற்கிறார். அது சூட்டைத் தாங்கும், சரி. ஆனால் சட்டென்று பிடிக்கும், திருகோணமலை மடத்தடிச் சந்தியில் நின்று நின்று எடுக்கும்போது கார் குதிக்கும், அந்த அடியெல்லாம் கியர்பொக்ஸுக்குத்தான் போகும், இந்த ஐந்து கியர் பெட்டி ஏற்கனவே பலவீனத்துக்குப் பேர் போனது. அதனால் மெதுவாகப் பிடிக்கும் சாதாரண ஓர்கானிக் பிளேட்டும், அதை அமத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட் அழுத்தம் கூடினதும் போதும் என்று நினைக்கிறேன். பெடல் பாரமாகும், பரவாயில்லை, கால் இருக்குத்தானே. ட்ராக் ஓட்டம் இல்லை, கோணேசர் கோயில் ஏற்றமும் கொழும்புப் பயணமும்தான்.

எக்ஸெடி கம்பனிக் கிளச் போட்டவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை நியூட்டன் மீற்றர் டோர்க் (எஞ்சின் சுழற்றும் விசை) வரை தாங்கியது? குதிரைச் சக்திக் கணக்கு வேண்டாம், கிளச்சுக்கு டோர்க்தான் கணக்கு. பிளைவீலை (கிளச் பிளேட் பிடிக்கும் எஞ்சின் சக்கரம்) லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவி மட்டமாக்கினால் போதுமா, பாரம் குறைந்த புதுசு வாங்கவா? கியர்பொக்ஸ் இறக்கும்போதே ரிலீஸ் பேரிங்கும் எஞ்சினின் பின்பக்க ஒயில் சீலும் மாற்றுவேன். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் போலி இல்லாமல் வாங்கிய யாராவது இருந்தால் விலையையும் சொல்லுங்கள்.