மூன்று நிலைக் குழந்தைகள், ஒரே ஆசிரியர்: கழித்தலை எப்படி நடத்துவது?

கேள்வி: தொடக்கப்பள்ளி ஆசிரியை

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளைச் சேர்ந்த 22 குழந்தைகளுக்கு நான் ஒருத்தியே பாடம் நடத்துகிறேன். 2022-23 கல்வியாண்டில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து, குழந்தையின் கற்றல் அளவைப் பார்த்து அரும்பு (தொடக்கம்), மொட்டு (இடை), மலர் (மேல்) என்று நிலை பிரித்தே கற்பிக்கிறோம். பிரிப்பது எளிதாக இருக்கிறது; பிரித்த பிறகு நடத்துவதுதான் கடினமாக இருக்கிறது. மலர் நிலையினருக்குக் கடன் வாங்கிக் கழிப்பதைச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் அரும்பு நிலைக் குழந்தைகள் வேலையின்றி உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொன்று: மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், கதையைக் கேட்டுவிட்டு எந்தக் கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொல்கிறான், ஆனால் சிறு சொற்களைக்கூட வாசிக்கத் திணறுகிறான். அவனை அரும்புக் குழுவில் அமர்த்த எனக்கு மனம் வரவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: கணக்கு ஆசிரியர்

வணக்கம் அம்மா. குழுவுக்கு ஒரு பாடம் என்று திட்டமிட்டால் ஒருவரால் நடத்த இயலாது. பாடப்பொருள் ஒன்றாகவும், குழந்தை செய்யும் வேலை வேறாகவும் இருக்கட்டும். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, சிலவற்றை உதிரியாக வையுங்கள். அரும்பு நிலையினர் 9 குச்சிகளிலிருந்து 4 குச்சிகளை எடுத்துவிட்டு மீதியை எண்ணட்டும். மொட்டு நிலையினர் 48இலிருந்து 23ஐக் கட்டும் உதிரியுமாக எடுக்கட்டும். மலர் நிலையினருக்கு 52இலிருந்து 27ஐக் கொடுங்கள். உதிரி இரண்டே இருப்பதால் ஒரு கட்டை அவிழ்த்தே தீர வேண்டும்.

இந்தக் கணக்குக்கு 35 என்று விடை எழுதும் குழந்தை கவனக்குறைவால் அப்படி எழுதுவதில்லை. 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்துவிடுகிறது. அக்குழந்தைக்கு மேலும் பத்துக் கணக்குகள் கொடுத்தால் அதே பிழைதான் பத்து முறை வரும். ஆகவே, தவறு என்று குறிப்பதற்கு முன்பு, ‘இதை எப்படிச் செய்தாய்?’ என்று கேளுங்கள். குச்சிக் கட்டைக் கையில் கொடுத்து மறுபடி செய்யச் சொல்லுங்கள். குழுக்களை நிலையாக வைத்திருக்கவும் வேண்டாம். தமிழில் அரும்பில் இருக்கும் குழந்தை கணக்கில் மலரில் இருக்கலாம்.

பதில் 2: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். முன்பு செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்தபோது, கற்க வேண்டியவற்றை வரிசையாகக் காட்டும் ஏணிப்படியும் செயல்பாட்டு அட்டைகளும் ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் முன்னேற உதவின. அந்த நன்மையை நான் மறுக்கமாட்டேன். எனினும், எல்லாரும் ஒன்றாகக் கேட்டுப் பேசும் நேரம் அதில் குறைந்துபோனது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே முதல் பதினைந்து நிமிடங்களை முழு வகுப்புக்கும் பொதுவாக வையுங்கள். அதன் பிறகு பிரியுங்கள்.

பதில் 3: சிறப்பாசிரியை

அந்த மாணவனைப் பற்றி எழுதுகிறேன். முதலில் அவனுடைய பார்வையையும் செவித்திறனையும் பரிசோதிக்கச் செய்யுங்கள். அவற்றில் குறையில்லை என்றால், குறிலையும் நெடிலையும் மாற்றி வாசிக்கிறானா, ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் குழப்புகிறானா, புள்ளியைக் கவனிக்காமல் மெய்யெழுத்தை உயிர்மெய்யாகப் படிக்கிறானா என்று சில வாரங்கள் குறித்துவைத்து, அக்குறிப்புடன் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அணுகுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளுள் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் (வாசித்தல், எழுதுதல், கணக்கு போன்றவற்றில் தொடர்ந்து இருக்கும் சிரமம்) ஒன்று. ஆயினும் உரிய மதிப்பீடு இல்லாமல் நாமாக அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். சொற்களில் எழுதிய கணக்குகளை நீங்கள் வாசித்துக் காட்டி, வாய்மொழியாக விடை கேளுங்கள். இல்லையென்றால் வாசிப்பில் உள்ள தடுமாற்றம் கணக்கு மதிப்பெண்ணையும் குறைத்துவிடும். கதைப் பேச்சில் அவன் மலர்க் குழுவிலேயே இருக்கட்டும். எழுத்துப் பயிற்சியை மட்டும் அன்றாடம் சிறிது நேரம் தனியே கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மலர் நிலையினர் விரைவில் முடித்துவிட்டால் என்ன வேலை கொடுப்பது?

பதில் 1: கணக்கு ஆசிரியர்

அதே போன்ற கணக்குகளை மேலும் கொடுக்காதீர்கள். 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டிய சூழல் ஒன்றைத் தம் ஊர்க் கடையிலிருந்தோ வீட்டிலிருந்தோ எடுத்து, தாமே ஒரு கணக்காக எழுதச் சொல்லுங்கள். அவற்றை அடுத்த நாள் பொது நேரத்தில் வகுப்பு முழுவதற்கும் கொடுக்கலாம். வாசிக்கத் திணறும் அந்த மாணவனும் வாயால் ஒரு கணக்கு சொல்லட்டும், வேறொரு குழந்தை அதை எழுதிக்கொள்ளட்டும்.