ஏப்ரல் 15 இரவு லிவர்பூல்காரர்களோடு போய் நிற்கலாமா?

டச்பே சிவப்பு:

நான் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். எங்கள் குரூப்பில் இருபது பேர், பாதி யுனைடெட், பாதி லிவர்பூல். ஞாயிறு பின்னேரம் சேர்ந்து விளையாடுவோம், இரவு வட்ஸ்அப்பில் சண்டை பிடிப்போம். 2023 மார்ச்சில் ஆன்ஃபீல்டில் 7-0 வாங்கிய இரவு நான் போனை நிறுத்திவிட்டுப் படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் எங்கள் வீட்டு கேட்டில் சுண்ணாம்பால் பெரிதாக ஒரு 7. அம்மா செய்வினை என்று பயந்து தேசிக்காய் வெட்டியதெல்லாம் நடந்தது. அதற்கெல்லாம் எனக்குக் கோபமே இல்லை, அடுத்த முறை நானும் ஏதாவது எழுதுவேன்.

பிரச்சினை அது இல்லை. போன கிழமை எங்கள் பக்கத்து ஆள் ஒருவன் 97 லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் இறந்த ஹில்ஸ்பரோவைக் கேலி செய்து, 97 என்ற எண்ணைப் போட்டு ஒரு படம் அனுப்பினான். அட்மின் என்றபடியால் நான் உடனே அழித்துவிட்டேன். "அவங்கள் மியூனிக்கைப் பற்றிப் பாடவில்லையா" என்று, 1958இல் எங்கள் வீரர்கள் இறந்த விமான விபத்தை இழுத்து என்னோடு சண்டைக்கு வந்தான். அதற்குள் லிவர்பூல்காரர் எல்லாரும் குரூப்பை விட்டுப் போய்விட்டார்கள்.

இப்போது அவர்கள் ஹில்ஸ்பரோ நடந்த நாளான ஏப்ரல் 15 இரவு, திருகோணமலை டச்பே கரையில் மெழுகுதிரி ஏற்றப் போகிறார்களாம். புத்தாண்டுக்கு மறுநாள், வெளியூரில் வேலை செய்கிறவர்களும் ஊரில்தான் இருப்பார்கள். நாங்கள் போகலாமா? போனால் நடிப்பு என்பார்கள். போகாவிட்டால் அந்தப் படத்துக்கு நாங்கள் எல்லாரும் தலையாட்டியது போல ஆகும். சொல்லுங்கள்.

ஓர்ஸ்ஹில் கொப்:

தம்பி, நான் அந்தப் பக்கம். உன் குரூப்பில் இல்லை, ஆனால் உன்னைவிட இருபது வயதாவது கூட இருக்கும், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அந்தப் பொடியன் அனுப்பிய படத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் அதில் என்ன இருந்திருக்கும் என்று தெரியும், ஏனென்றால் எல்லாம் ஒரே பொய்யின் பிள்ளைகள்தான். 1989இல் ஷெஃபீல்டில், ஹில்ஸ்பரோ மைதானத்தில், எங்களுக்கு நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டோடு அரையிறுதி. வெளியே நெரிசல் கூடிவிட்டது என்று பொலிஸ் ஒரு பெரிய கேட்டைத் திறக்கச் சொன்னது. உள்ளே நடுவில் ரசிகர்கள் நிற்கிற இரண்டு கூண்டுகள் ஏற்கெனவே நிறைந்திருந்தன, அவற்றுக்குப் போகிற சுரங்கப்பாதையை யாரும் மறிக்கவில்லை, சனம் நேரே அதற்குள் போனது. முன்னால் இரும்பு வேலி. 3 மணி 6 நிமிடத்துக்கு ஆட்டத்தை நிறுத்தினார்கள். நாலு நாள் கழித்து ஒரு பத்திரிகை, ரசிகர்கள் பிணங்களின் சட்டைப்பையில் களவெடுத்தார்கள் என்று முதல் பக்கத்தில் போட்டது. அது பொய் என்று 2012இல் சுயாதீனக் குழு ஆவணங்களோடு காட்டியது. சட்டத்துக்கு மாறாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மீது பிழை இல்லை என்று ஜூரி சொல்ல 2016 ஏப்ரல் ஆகிவிட்டது. 27 வருஷம்! அந்தத் தீர்ப்பைக் கேட்காமலே கண்ணை மூடிய தாய் தகப்பன் எத்தனை பேர். 97ஆவது ஆள் அன்று பட்ட காயத்தோடு 2021 வரை இருந்து இறந்தவர். அதனால்தான் அந்த எண்ணை வைத்துப் பகிடி விட்டால் எங்களுக்குச் சுடுகிறது. 7-0 என்று நாங்கள் எழுதுவதும் இதுவும் ஒன்றில்லை.

ஆனால் உன் கூட்டாளி கேட்டதும் பொய் இல்லை. நானே ஒரு காலத்தில் யுனைடெட் தோற்றால் ரீவிக்கு முன்னால் இரண்டு கையையும் விமானம் மாதிரி விரித்து ஆடியிருக்கிறேன். டங்கன் எட்வர்ட்ஸ் யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. யுனைடெட் வீரர், 21 வயது, மியூனிக் விபத்துக்குப் பிறகு 15 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போனவர். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. 1985 ஹெய்சலில் யுவென்டஸ் இறுதியாட்டத்தில் எங்கள் ஆட்கள் பாய்ந்து, சனம் ஓடி, சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள். அதற்கு நாங்கள் எத்தனை மெழுகுதிரி ஏற்றினோம்?

வா தம்பி. யுனைடெட் சட்டையோடே வா. பேச்சு, பதாகை ஒன்றும் வேண்டாம். நம்முடைய நேரத்துக்கு அது இரவு 7.36, பிந்தாதே.

பாலையூற்று நீலம்:

நான் மான்செஸ்டர் சிட்டி. (ஆமாம், பெரிய காசு வந்த 2008க்கு முன்னாலிருந்தே, சிரிக்காதீர்கள்.) மியூனிக்கின் 50ஆவது ஆண்டு நிறைவுக்குச் சில நாள் கழித்து, 2008 பெப்ரவரி 10, ஓல்ட் டிராஃபோர்டில் எங்களுக்கும் யுனைடெட்டுக்கும் ஆட்டம். சிட்டி ஆட்கள் மௌனத்தைக் குழப்புவார்கள் என்று எல்லாரும் பயந்தார்கள். ஒரு சத்தம் வரவில்லை. அந்த விமானத்தில் இறந்தவர்களில் எங்கள் பழைய கோல்காப்பாளர் ஃபிராங்க் ஸ்விஃப்டும் ஒருவர், பத்திரிகைக்கு எழுதப் போனவர். மௌனம் முடிந்தது, அப்புறம் 2-1 என்று யுனைடெட்டை அவர்கள் வீட்டிலேயே வென்றோம். வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும்: முதலில் தலையைக் குனி, பிறகு போட்டு மிதி.

கோட்டை வாசல்:

எனக்கு இது விளங்கவே இல்லை. இந்தக் கரையில் 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. போரில் போனவர்களை விடுங்கள், அதைப் பேசத் தொடங்கினால் இந்த இழையைப் பூட்ட வேண்டி வரும். இங்கே போன சனத்துக்கு வருஷத்தில் ஒருநாள் காலை 9.25க்கு இரண்டு நிமிடம் நிற்கிறோம், அதிலும் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டு. ஷெஃபீல்ட் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டத் தெரியாதவர்கள் அதே மணலில் அவர்களுக்கு மெழுகுதிரி ஏற்றுவது வேடிக்கையாக இல்லையா? ரீவியில் பார்க்கிற விளையாட்டு, ரீவியில் பார்த்த துக்கம். இன்னொன்று, டச்பே காற்றில் மெழுகுதிரி நிற்காது.

கிண்ணியா விங்கர்:

கோட்டை வாசல் சொல்வதில் கால்வாசி உண்மை. மூதூரிலும் கிண்ணியாவிலும் அன்று ஆளைக் கொடுக்காத குடும்பம் குறைவு, எங்கள் வீட்டிலும் போனது. அதனால்தான் சொல்கிறேன், ஒருவனுக்கு அழுதால் மற்றவனுக்குக் கண்ணீர் குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் உம்மா ரீவியில் எந்த நாட்டு வெள்ளத்தைப் பார்த்தாலும் அழுவா.

எனக்கு இங்கிலாந்தைவிட மலாங் நெருக்கம். 2022 ஒக்டோபர் 1, இந்தோனேசியாவில் கஞ்சுருஹான் மைதானம். மலாங் அணி அரேமா தன் பரம எதிரி பெர்செபாயாவிடம் 3-2 என்று தோற்றது. ஆட்கள் உள்ளே இறங்கினார்கள், பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்தது, அதுவும் சனம் இருந்த படிக்கட்டுகள் மீதே. மைதானத்துக்குள் அந்தப் புகையைக் கொண்டுபோகவே கூடாது என்று ஃபிஃபா விதி இருக்கிறது. கண் தெரியாமல் வாசல்களுக்கு ஓடி அங்கேயே நசுங்கி 135 பேர். வென்ற பெர்செபாயாவின் ரசிகர்கள், அரேமாவோடு காலகாலமாக அடிபட்டவர்கள், சுரபாயாவில் மெழுகுதிரி ஏற்றித் துஆ கேட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு நான் யாருடைய சாவை வைத்தும் வாய் திறப்பதில்லை.

ஆனால் மெழுகுதிரியோடு நின்றுவிடாதீர்கள். போன வருஷம் நம்முடைய பக்கத்து மைதானம் ஒன்றில் (பெயர் வேண்டாம்) இறுதியாட்டம். சனம் நிரம்பி வழிந்தது. வெளியே போக ஒரே ஒரு சின்ன கேட், பின்பக்க கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டு. டிக்கெட் இல்லாமல் ஆள் வந்துவிடும் என்று பயமாம். பெனால்டி முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் எழும்பியபோது என் மகன் என் கையை விட்டுப் போனான். பத்து நிமிடம் தேடினேன். ஒன்றும் நடக்கவில்லை, ஐஸ்கிறீம் வாகனத்தடியில் நின்றான். அந்தப் பத்து நிமிடம் என் தலைக்குள் மலாங்தான் ஓடியது.

கொல்கத்தாவிலும் ஒன்று நடந்தது. 1980 ஓகஸ்ட் 16, ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆட்டத்தில் 16 பேர் இறந்தார்கள். அந்த நாளில் அங்கே இரத்ததானம் செய்கிறார்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஒரே கட்டிலில் படுத்துக் கொடுக்கிறது. அதுவும் யோசியுங்கள்.

ஓர்ஸ்ஹில் கொப்:

கிண்ணியா நானா சொன்ன கேட் விசயம்தான் முக்கியம். ஹில்ஸ்பரோவிலும் வேலி, வாசல், சாவி யாரிடம் என்கிற கதைதான். கோட்டை வாசலுக்கு ஒன்று: காற்றுக்குச் சிரட்டை இருக்கிறது.

டச்பே சிவப்பு:

போனோம். யுனைடெட்டில் ஆறு பேர். சிரட்டைக்குள் வைத்தும் பாதி அணைந்துவிட்டது, திரும்பத் திரும்பக் கொளுத்திக்கொண்டிருந்ததில் யாருக்கும் பேச நேரம் இல்லாமல் போனது நல்லதுதான். படம் அனுப்பியவனும் வந்தான், எங்களோடு நிற்காமல் தள்ளி, படகுகளுக்குப் பக்கத்தில் நின்றான். கொப் அண்ணன் தன் பக்கத்தில் இருந்த ஒரு சிரட்டையைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தார், என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பிறகு கச்சான் வாங்கித் தின்றோம். எட்டரைக்கு லிவர்பூல்காரன் ஒருவன், "ஏழு மெழுகுதிரி மிச்சம் இருக்கு, வீட்டுக்குக் கொண்டுபோறியா?" என்று என்னைக் கேட்டான். எல்லாரும் திரும்ப குரூப்புக்கு வந்துவிட்டார்கள்.

அடுத்த மாதச் சுற்றுப்போட்டிக்கு அந்தப் பின்பக்க கேட்டின் சாவி யாரிடம் இருக்கும் என்று நானாவும் நானும் போய்க் கேட்டோம். ஒருவர் இன்னொருவரைக் காட்டினார், அவர் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.