மாணவர்களே நடத்தும் தலைமைப் பண்பு மாநாடு: வேண்டுமா, வேண்டாமா?

கோதையாறு:
அடுத்த மாதம் எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்தும் ஒருநாள் தலைமைப் பண்பு மாநாடு. குமரி மாவட்டக் கல்லூரிகள் எல்லாவற்றையும் அழைக்கிறோம். கட்டணம் 300 ரூபாய். இந்தப் பணத்தில் வேலைவாய்ப்புப் பயிற்சி வைக்கலாமே என்று என் வகுப்பிலேயே பேச்சு. ஏற்பாட்டுக் குழுவில் இருக்கிறேன். நடக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வள்ளவிளை:
வேண்டாம் என்கிறேன். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தது. கடலில் போனவர்களைத் தேடச் சொல்லி டிசம்பர் 7-ல் ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் போனார்கள். எந்த மாநாடும் அவர்களுக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

தலைமை வேண்டுமென்றால் மாணவர் பேரவைத் தேர்தல் வையுங்கள். மாணவர் தேர்தலை எப்படி நடத்துவது என்று சொன்ன லிங்டோ குழுவின் பரிந்துரைகளைச் செயல்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2006-லேயே உத்தரவிட்டது. வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது, வருகைப்பதிவு 75 சதவீதமாவது வேண்டும் என்று விதிகளும் இருக்கின்றன. ஓட்டுக் கேட்டு வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கினால் வருகிற பழக்கம், பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வருமா?

கோதையாறு:
தேர்தல் வேண்டும் என்பதில் சண்டையே இல்லை மக்கா. ஆனால் ஒக்கியையே எடுத்துக்கொள்வோம். யார் எந்தப் படகில் போனார்கள், யார் திரும்பவில்லை என்று ஒவ்வொரு தேவாலயப் பங்கு வாரியாகப் பெயர் எழுதினார்களே, அரசுக் கணக்கும் ஊர்க் கணக்கும் ஒத்துப்போகாதபோது அந்தப் பட்டியல்தானே பேசியது? ஆளைச் சேர்ப்பது, எழுதி வைப்பது, அதிகாரி முன் போய் நின்று பேசுவது. மாநாட்டை நடத்தும்போது இதெல்லாம் கைவருகிறது.

எங்கள் குழுவில் ஒரு முதலாண்டு மாணவி. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அந்த வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள். மைக்செட்காரரிடம் கொட்டேஷன் வாங்கப் போகும்போது, என்ன பேச வேண்டும் என்று என்னிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது ஜெனரேட்டருக்குத் தனி வாடகை கிடையாது என்று பேசி முடித்திருந்தாள். ஜிஎஸ்டி பில்லும் கேட்டிருக்கிறாள். அந்தத் தாளில் நான் எழுதாத விஷயம் இரண்டும்.

வள்ளவிளை:
அந்தப் பிள்ளையை நினைத்தால் சந்தோஷம்தான். ஆனால் கற்றுக்கொள்வது நடத்துகிறவர்கள். 300 ரூபாய் கட்டி உட்கார்ந்திருப்பவருக்கு என்ன கிடைக்கிறது? நான் போன ஒரு மாநாட்டில் காலையிலிருந்து ஆங்கிலத்தில் பேசினார்கள். கேள்விக்கு நேரமில்லை என்று முடித்தார்கள். எங்களுக்கு மார்த்தாண்டத்தில் பஸ் மாற வேண்டும். பாதியில் கிளம்பினால் சான்றிதழ் இல்லை என்றார்கள்.

தோவாளைப்பூ:
பஸ் விஷயம் சின்ன விஷயமில்லை. 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, சரி. ஆனால் இருட்டுவதற்குள் வருவாயா என்றுதானே வீட்டில் கேட்கிறார்கள்? நாலு மணிக்கு முடியும் என்று அழைப்பிதழிலேயே போட்டால் என் வகுப்பிலிருந்து ஆள் வரும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
மக்களே, காசோலையில் ஆசிரியர் கையெழுத்து இருக்கட்டும். தணிக்கையில் மாணவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது. யாரைப் பேச அழைப்பது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நான் வேலை பார்த்த இடத்தில் சிறப்பு விருந்தினரை நிர்வாகம் முடிவு செய்யும், பிள்ளைகள் பொன்னாடையோடு வாசலில் நிற்பார்கள். அதை மாணவர் மாநாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோதையாறு:
பேச்சாளர்களை நாங்கள்தான் அழைத்தோம் சார். நாலு மணியை இன்றைய கூட்டத்திலேயே வைக்கிறேன். மதியத்துக்கு மேல் பேச்சே கிடையாது. ஒவ்வொரு கல்லூரியும் தங்கள் பிரச்சினை ஒன்றை எடுத்து, யாருக்கு மனு, யார் கொண்டுபோவது என்று தமிழில் எழுதி முடிக்க வேண்டும். வரவு செலவை அரங்க வாசலில் ஒட்டுவோம்.

வள்ளவிளை:
கணக்கை ஒட்டுவது நல்லது. உங்களைக் குழுவில் போட்டது யார்? வகுப்பா, துறைத்தலைவரா?

கோதையாறு:
துறைத்தலைவர்.

வள்ளவிளை:
எனக்குப் பிரச்சினையே அதுதான். அடுத்த குழுவை வகுப்புகள் ஓட்டுப் போட்டு அனுப்பட்டும், அப்போது கட்டணம் கட்டுகிறேன். இந்த முறை மதியம் எழுதும் மனுக்களில் பேரவைத் தேர்தல் கேட்டு ஒன்று சேருங்கள். கையெழுத்துப் போட எங்கள் வகுப்பிலிருந்து ஆள் கூட்டி வருகிறேன்.