வேப்ப மரத்தில் இருக்கும் நாற்றப்பூச்சி எது? ஆப் சொல்வதை நம்பலாமா?

அப்பன்திருப்பதி வாசி:

வீடு அழகர்கோவில் சாலையில். வாசலில் பழைய வேப்ப மரம், அதில்தான் கொடி கட்டியிருக்கிறோம். நேற்றுத் துணி எடுக்கும்போது துண்டோடு சேர்த்து ஒரு பூச்சியையும் அமுக்கிவிட்டேன் போல, கையெல்லாம் ஒரே வீச்சம். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும் போகவில்லை, ராத்திரி சோற்றில் கை வைத்தால் சோறும் அதே வாடை. காலையில் மரத்தைப் பார்த்தால் பட்டையோடு பட்டையாக ஏழெட்டு உட்கார்ந்திருக்கின்றன. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். கிட்டப் போனால் பறக்காமல் மெதுவாக மரத்தின் மறுபக்கம் நகர்ந்துகொள்கிறது.

படம் எடுத்து ஆப்பில் போட்டேன். அமெரிக்காவில் ஆப்பிள் தோட்டங்களை நாசம் செய்யும் ஹாலியோமார்ஃபா ஹாலிஸ் என்கிறது. அது இங்கே வந்துவிட்டதா? யாரிடமாவது தகவல் சொல்ல வேண்டுமா? இன்னொன்று, அதே மரத்தில் கருப்பு உடம்பில் மஞ்சள் புள்ளி தெளித்த மாதிரி இரண்டு இருந்தன. ஆணும் பெண்ணுமா, வேறு வேறா?

மேலூர்க்காரன்:

ஆப்பெல்லாம் எதற்குங்க. இது எங்கள் வயலில் வருகிற நாவாய்ப்பூச்சிதான். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வரப்பில் நின்றாலே மூக்கைத் துளைக்கும், பாலை உறிஞ்சிவிட்டால் நெல் பதராகிவிடும். ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறு அடியுங்கள், ஓடிவிடும்.

ஒத்தக்கடை பழைய மாணவன்:

மேலூர் அண்ணே, வேப்ப மரத்திலேயே குடியிருக்கிற பூச்சிக்கு வேப்பங்கொட்டைச் சாறா :) நீங்கள் சொல்வது கதிர் நாவாய்ப்பூச்சி. நாற்றம் ஒன்றாக இருக்கலாம், குடும்பம் வேறு. அது ஒல்லியாக, குச்சி மாதிரி நீண்டிருக்கும். இது கேடயம் மாதிரி அகலம்.

கேள்வி கேட்டவருக்கு: பயப்பட வேண்டாம், இது ஆப் செய்த குழப்பம். படத்தில் இருப்பது ஹாலிஸ் பேரினம் (பேரினம் என்றால் நெருங்கிய இனங்களின் தொகுதி), நம் ஊர்ப் பூச்சி. ஃபாப்ரீசியஸ் என்ற பூச்சியியலாளர் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தது 1803இல். பிறகு 1855இல் கிழக்கு ஆசியப் பூச்சி ஒன்றுக்கு ஸ்டால் என்பவர் பெயரிட்டபோது அதன் இனப்பெயராக ஹாலிஸ் என்று வைத்தார். அதுதான் பின்னால் 1990களில் அமெரிக்காவுக்குள் நுழைந்து பென்சில்வேனியாவில் முதலில் சிக்கியது. அதன் இன்றைய பேரினப் பெயரான ஹாலியோமார்ஃபாவுக்கு அர்த்தமே 'ஹாலிஸ் போன்ற உருவம்'. பெயர் வைத்தவர்களே ஒன்றைப் போல ஒன்று என்று எழுதி வைத்திருக்கும்போது ஆப்பைத் திட்டி என்ன பயன்.

பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. தோள்பட்டை ஓரத்தைப் பாருங்கள், அதாவது தலைக்கு அடுத்த அகலமான தகட்டின் பக்கவாட்டு விளிம்பு. அமெரிக்கா போனதற்கு அது வழவழவென்று இருக்கும், உங்கள் படத்தில் ரம்பப் பல் மாதிரி இருக்கிறது. தலையும் பாருங்கள், அதற்கு மொட்டையாக முடியும், இதற்கு முன்னால் நீண்டு கூம்பியிருக்கிறது. அப்புறம் அளவு. அது பெரும்பாலும் ஒன்றரை செ.மீ.யோடு நின்றுவிடும், உங்களுடையது இரண்டு செ.மீ. பக்கம் வரும்.

மஞ்சள் புள்ளி போட்டது ஜோடி இல்லை, வேறு பேரினம். எர்தெசினா ஃபுல்லோ. தலை நுனியிலிருந்து தோள்பட்டை வரை நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று இழுத்தது போல இருக்கும், அது இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இரண்டும் பெண்டடோமிடே குடும்பம். முதுகில் முக்கோணத் தகடு, மீசையில் ஐந்து கணு. பெயரே அந்த ஐந்தை வைத்துத்தான். முக்கோணம் பெருத்து வயிறு முழுவதையும் மூடிவிட்டால் அது பக்கத்துக் குடும்பம். செடிகளில் பச்சையும் நீலமுமாகப் பளபளக்கும் நகைப்பூச்சிகள் அந்த வகை.

ஒரு வேலை செய்யுங்கள், பூச்சி மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி எடுத்து, வயிற்றுப் பக்கம் ஒரு படம் போடுங்கள். ஊசி வாயைப் பார்க்க வேண்டும்.

வாடிப்பட்டி முருங்கை:

வாயைப் பார்ப்பது எதற்கு என்று நானே சொல்கிறேன், பட்டு அறிந்தவன். எங்கள் தோட்டத்தில் தோளில் இரண்டு முள் நீட்டிக்கொண்டு பழுப்பாக ஒன்று வரும். நாற்றப்பூச்சி என்று பார்த்த இடத்திலெல்லாம் நசுக்கினேன். ஒருநாள் பார்த்தால் ஒரு கம்பளிப்புழுவை ஊசியில் குத்தித் தூக்கிப் பிடித்துக் குடித்துக்கொண்டிருக்கிறது. புழு காற்றில் தொங்குகிறது! நமக்கு வேலை செய்யும் ஆளையே கொன்றிருக்கிறேன். இயோகாந்தெகோனா என்று பிறகு சொன்னார்கள். சாறு குடிப்பதற்கு ஊசி மெலிந்து தலையோடு ஒட்டிக் கிடக்கும், புழு தின்பதற்குத் தடித்து முன்னால் நீட்ட வசதியாக இருக்கும்.

அப்பன்திருப்பதி வாசி:

டம்ளர் வேலை முடிந்தது. அது அடங்கட்டும் என்று ஐந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தேன், அம்மா பார்த்துவிட்டார், அந்த டம்ளரை இனி அடுப்படிக்குள் விடமாட்டேன் என்கிறார்.

தோளில் ரம்பப் பல் இருக்கிறது. ஊசி மெலிதுதான், கால்களுக்கு நடுவே மடிந்து வயிறு வரை போகிறது. மஞ்சள் புள்ளிக்காரனுக்கு நீங்கள் சொன்ன கோடு அப்படியே இருக்கிறது. அடுத்த சந்தேகம்: என்னிடம் இருக்கும் ஏழில் இரண்டு நல்ல கருப்பு, ஒன்று வெளுப்பு. எல்லாம் ஹாலிஸ் டென்டேட்டஸ் தானா? இணையத்தில் எல்லோரும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். அப்புறம் இந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது?

ஒத்தக்கடை பழைய மாணவன்:

அந்தப் பெயரை நான் எழுதாமல் விட்டதே அதற்குத்தான். இணையத்தில் சாம்பல் நிறத்தில் எதைப் பார்த்தாலும் டென்டேட்டஸ் என்று ஒட்டிவிடுகிறார்கள். நிறத்தை வைத்துப் பிரிக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. பாகிஸ்தானில் கிடைத்த, வெவ்வேறு தோற்றமுள்ள ஹாலிஸ்களை டி.என்.ஏ. வைத்துப் பார்த்து, எல்லாம் ஒரே இனம், அதுவும் புது இனம் என்று 2006இல் ஃபாப்ரிசி என்று பெயரிட்டார்கள். முடிவாகச் சொல்ல வேண்டுமென்றால் ஆண் பூச்சியின் வயிற்று நுனியைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். படத்தை வைத்து 'ஹாலிஸ் பேரினம்' என்று நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. உயிரினப் படங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலும் அப்படியே போடுங்கள். டிஸ்டன்ட் என்ற பூச்சியியலாளர் 1902இல் இந்தியப் பூச்சிகளைப் பற்றி எழுதிய பழைய தொகுதி இலவசமாகக் கிடைக்கிறது. பேரினம் வரை வர அது போதும், ஆனால் பெயர்கள் பல இப்போது மாறிவிட்டன.

நாற்றம், வளர்ந்த பூச்சிக்கு மார்பின் அடியில், பின்னங்கால் பக்கத்துத் துளையிலிருந்து வருகிறது. குஞ்சுகளுக்கு முதுகில். பெரும்பாலும் ஆல்டிஹைடுகள்தான், கொத்தமல்லித் தழையில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே சரக்கு. மல்லியைப் பார்த்தால் பூச்சி நாற்றம் என்று முகம் சுளிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அப்பன்திருப்பதி வாசி:

சரி, பேரினத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்று பட்டையில் ஒரு முட்டைக் குவியல் பார்த்தேன், குட்டிப் பீப்பாய் மாதிரி, எண்ணினால் சரியாக 14. சிலவற்றில் மூடி திறந்திருக்கிறது, சிலவற்றில் மேலே கடித்துக் குதறிய ஓட்டை. ஏன் அப்படி?

ஒத்தக்கடை பழைய மாணவன்:

14 பொருத்தம்தான். இந்தக் குடும்பத்தில் பல இனங்களுக்குச் சினைப்பை ஒன்றுக்கு ஏழு குழாய், இரண்டும் சேர்த்து ஒரு தடவைக்குப் பதினான்கு. ஆனால் முட்டையை மட்டும் பார்த்து எந்தப் பூச்சியுடையது என்று சொல்ல மாட்டேன்.

மூடி திறந்திருந்தால் குஞ்சு வெளியே வந்தது. கடித்த ஓட்டை என்றால் அதற்குள் இருந்து வந்தது குளவி. கடுகைவிடச் சின்னது, முட்டைக்குள் முட்டை வைத்து உள்ளே இருப்பதைத் தின்றே வளரும். குவியலைக் கிள்ளி எறியாதீர்கள். கொடியை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.