புதிய தலைமையாசிரியருக்குத் தலைமைத்துவப் பயிற்சி துணிவைத் தருமா?

உசிலை கணக்கு டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் இந்தக் கல்வியாண்டில் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். அதுவரை கணக்கு ஆசிரியை. வகுப்பறையில் எனக்குத் தயக்கம் இருந்ததே இல்லை. ஆனால் ஆசிரியர் கூட்டத்தில், பணியில் என்னைவிட மூத்த ஒருவர் "இதெல்லாம் முன்பே செய்து பார்த்ததுதான் டீச்சர்" என்று சொல்லிவிட்டால், யோசித்து வைத்திருந்த முடிவை அறிவிக்காமலே கூட்டத்தை முடித்துவிடுகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இதே நிலைதான். கழிப்பறைக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்று பெற்றோர் கேட்கும்போது, மோட்டார் பழுதுக்கு மனு கொடுத்த தேதி வரை தெரிந்திருந்தும் குரல் உள்ளே போய்விடுகிறது.

விரைவில் டி.கல்லுப்பட்டியில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் தலைமையாசிரியர்களுக்கான பயிற்சிக்கு என் பெயர் வரும் என்கிறார்கள். மதுரை நகரில் தனியார் ஒருவர் வார இறுதியில் கட்டணம் பெற்று நடத்தும் ஆளுமைப் பயிற்சிக்கும் தோழிகள் அழைக்கிறார்கள். இவற்றால் உண்மையில் துணிவு வருமா, அல்லது அனுபவம்தான் அதைத் தர வேண்டுமா? சென்று வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மேலூர் ஓய்வு தலைமையாசிரியர்:

வணக்கம் அம்மா. பயிற்சிக்குக் கட்டாயம் போங்கள்; ஆனால் துணிவை அங்கே தேட வேண்டாம். நான் பார்த்த வரையில், புதிய தலைமையாசிரியர்கள் தடுமாறுவது பேச வராததால் அல்ல, தம் அதிகாரம் எதுவரை செல்லும் என்று தெரியாததால்தான். தற்செயல் விடுப்பை எந்த நிலையில் மறுக்கலாம், பள்ளி மானியத்தில் எதை வாங்கக் குழுவின் தீர்மானம் வேண்டும் என்பவற்றுக்கான அரசாணைகளும் செயல்முறைகளும் ஒரு கோப்பில் உங்கள் மேசையிலேயே இருக்கட்டும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மாற்றுச் சான்றிதழைத் தாமதப்படுத்தும் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 5ஆம் பிரிவிலேயே சொல்கிறது. இதைப் படித்தவரிடம் வந்து "நோட்டுப் பாக்கி இருக்கிறது, சான்றிதழைக் கொடுக்காதீர்கள்" என்று எந்த மூத்த ஆசிரியரும் வற்புறுத்த முடியாது.

எங்கள் காலத்தில் மதியச் சத்துணவோடு வேலை முடிந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிவைத்த காலை உணவுத் திட்டம் வந்தபின், தலைமையாசிரியருக்கு நாள் இன்னும் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கு நல்லதுதான், ஆனால் கோப்பு பார்க்கும் நேரத்தை நீங்களேதான் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

வட்டார வள மையப் பயிற்றுநர்:

ஐயா சொல்வதில் பெரும்பகுதி உண்மை. ஆயினும் பயிற்சியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதிய கட்டுரையில், ஒருவருக்குத் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருவதாகக் கூறினார். தானே ஒன்றைச் செய்து முடிப்பது, தன்னைப் போன்றவர் செய்து முடிப்பதைக் காண்பது, பிறர் ஊக்கமூட்டும் சொல், தன் உடலின் படபடப்பை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. இவற்றில் முதலாவதே வலிமையானது என்பது அவர் முடிவு. மேடையில் ஒருவர் கைதட்டல் வாங்கும்படி பேசி அனுப்பும் பயிற்சிகள் மூன்றாவதை மட்டுமே தருகின்றன. திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிவதற்குள் அது கரைந்துவிடும்.

ஆகவே பணம் கட்டுமுன் அந்தத் தனியாரிடம் கேளுங்கள்: பயிற்சிக்கு இடையில் பள்ளியில் செய்து பார்க்க ஏதாவது பணி தருவீர்களா, அதன் விளைவை அடுத்த அமர்வில் யாராவது உட்கார்ந்து கேட்பார்களா? இல்லையென்றால் கட்டணத்தை மிச்சப்படுத்துங்கள். அரசுப் பயிற்சியில் உங்களுக்கு இரண்டாவது வழி கிடைக்கும். பேரையூரிலிருந்தோ செல்லம்பட்டியிலிருந்தோ வரும், உங்களைப் போலவே புதிதாகப் பொறுப்பேற்ற ஒருவர் இதே சிக்கலை எப்படிக் கையாண்டார் என்று தேநீர் இடைவேளையில் கேட்பது, கருத்தாளரின் முழு அமர்வைவிடப் பயன்படக்கூடும். கருத்தாளராகிய நானே இதைச் சொல்கிறேன். தேசியக் கல்விக் கொள்கை 2020 தலைமையாசிரியர்களுக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில்முறை மேம்பாட்டை எதிர்பார்க்கிறது. அந்த நேரத்தை வெறும் வருகைப் பதிவாக முடித்துக்கொள்வதும் முடித்துக்கொள்ளாததும் நம் கையில்தான் இருக்கிறது.

செவிலியர் கண்காணிப்பாளர், மதுரை:

நான் கல்வித் துறையில் இல்லை. ஆனால் பணிமாற்ற நேரத்தில் என்னைவிட மூத்த செவிலியர்களுக்குப் பணி பிரித்துக் கொடுப்பவள் என்பதால் எழுதுகிறேன். சகோதரிக்கு விவரம் தெரியாமல் இல்லை, மனு கொடுத்த தேதி வரை நினைவிருக்கிறதே! குரல்தான் வரவில்லை. அதற்குக் கோப்பு உதவாது, பேசிப் பழகுவதுதான் வழி. 1924இல் அமெரிக்காவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பின் மன்றங்கள் மதுரையிலும் உண்டு. அங்கே முன்தயாரிப்பு இல்லாமல் ஒரு தலைப்பைக் கொடுத்து ஓரிரு நிமிடங்களில் பதில் சொல்லச் செய்யும் பகுதி ஒன்று இருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியாது. பேசி முடித்ததும், உங்கள் கை எங்கே இருந்தது, எந்த வாக்கியத்தில் குரல் இறங்கியது என்று மற்றொருவர் முகத்துக்கு நேராகவே சொல்வார். முதலில் கூச்சமாக இருக்கும். எனக்கு அப்படிச் சொன்ன பிறகுதான், முடிவைச் சொல்லும் இடத்தில் "என்று நினைக்கிறேன்" என்று ஒட்டிப் பேசுவது என் பழக்கம் என்பது தெரிந்தது. அதை விட்டேன், வார்டில் எதிர்க் கேள்விகள் குறைந்தன.

உசிலை கணக்கு டீச்சர்:

அனைவருக்கும் நன்றி. அரசுப் பயிற்சிக்குச் செல்கிறேன்; அதற்கு முன் ஒரே ஒரு முடிவை, மெல்லக் கற்போருக்கான மாலை நேர வகுப்பைச் சுழற்சி முறையில் பிரிப்பதை, அடுத்த கூட்டத்தில் அறிவித்துவிடப் போகிறேன். மேலூர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். மூத்தவர் அங்கேயே மறுத்துப் பேசினால் என்ன செய்வது?

மேலூர் ஓய்வு தலைமையாசிரியர்:

முந்தைய நாளே அவரைத் தனியாகச் சந்தித்துச் சொல்லிவிடுங்கள், ஆனால் அனுமதி கேட்கும் தொனியில் அல்ல. "முன்பு செய்து பார்த்தபோது எங்கே தடைப்பட்டது ஐயா?" என்று கேளுங்கள், அவர் சொல்வதில் சரியானது இருந்தால் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன்பிறகும் கூட்டத்தில் மறுத்தால் வாதாட வேண்டாம். அவருடைய மறுப்பை அவர் சொன்ன சொற்களிலேயே கூட்டப் பதிவேட்டில் எழுதி, அதன் கீழே உங்கள் முடிவையும் எழுதி, வாசித்துக் காட்டி எல்லோரிடமும் கையொப்பம் வாங்குங்கள். முதல் கையொப்பத்தை அவரிடமே கேளுங்கள்.