கலைச்சொல்: வைரஸ் கூடு ‘அசெம்பிளி’ ஆவதற்குத் தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

எச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) கூட்டின் முதன்மைப் புரதமான எல்1இல் ஓர் அமினோ அமிலம் மாறினால் கூடே உருவாகாமல் போகலாம். கூட்டின் துணைப் புரதமான எல்2இல் மாறினால் கூடு ஒழுங்காக உருவாகியும் தொற்றாமல் நிற்கலாம். இரண்டையும் ‘செயலிழந்த வைரஸ்’ என்று எழுதினால் எது கெட்டது என்று வாசகருக்குப் புரியாது.

அசெம்பிளிக்குத் ‘தொகுப்பு’ சரிவராது. இலங்கை வழக்கில் புரதத் தொகுப்பு என்றால் புரதம் உற்பத்தியாவது. எச்.பி.வி. 16 என்ற வகையின் மூலப்படியில் (முதல் மாதிரியில்) எல்1இன் 202ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் இருந்தது. எல்1 உற்பத்தியானாலும் கூடாகச் சேர்ந்தது மிகச் சொற்பம். அங்கே ஆஸ்பார்ட்டேட் உள்ள எல்1 பல மடங்கு கூடுகளைத் தரும் என்பது 1993இல் தெரியவந்தது. இதைத் ‘தொகுப்புக் குறை’ என்றால் பொருளே தப்பு.

என் முன்மொழிவு: அசெம்பிளி = கூடமைவு; இன்பெக்டிவிட்டி = தொற்றுத்தன்மை.

-----

> கூடமைவு

‘கூடம்’ என்று பிரித்துப் படித்துவிடுவார்கள். ‘கூடிணைவு’ என்று வைக்கலாம். ஐந்து எல்1 இணைந்து ஒரு கேப்சோமர், 72 கேப்சோமர்கள் இணைந்து ஒரு கூடு, ஆக 360 எல்1. நடப்பது இணைவுதான்.

‘வீட்டுவரி போலக் கூட்டிணைவு ஆகாதா?’ என்று இலக்கண நண்பர்கள் கேட்பார்கள். கூடு இங்கே பெயர் அல்ல, வினையடி. ஆடரங்கு, கூடுதுறை போல வினைத்தொகை, இரட்டிக்காது. பவானி கூடுதுறையில் ஆறுகளை யாரும் கூட்டிவைக்கவில்லை, தாமே கூடுகின்றன. எல்1உம் அப்படித்தான். அதனால்தான் ‘கூடுகட்டல்’ வேண்டாம் என்கிறேன், அதற்கு ஒரு குருவி தேவைப்படும்.

> தொற்றுத்தன்மை

இதில் உடன்பாடில்லை. நோய் ஆளுக்கு ஆள் பரவுவதையும் அப்படித்தான் சொல்கிறோம். இங்கே பேசுவது ஆய்வகத்தில் அளக்கும் எண். ஆகவே ‘தொற்றுத்திறன்’, அதுவும் துகள் ஒன்றுக்கு இவ்வளவு என்ற வரையறையோடு.

வரையறை ஏன்? 293டிடி என்ற ஆய்வக மனித உயிரணுக்களில் எல்1, எல்2, ஒளிரும் புரதம் மூன்றுக்குமான பிளாஸ்மிட்களை (டி.என்.ஏ. வளையங்களை) செலுத்திப் போலிவைரஸ் (வைரஸ் மரபணுவுக்குப் பதில் பிளாஸ்மிட்டைச் சுமக்கும் கூடு) தயாரிக்கிறோம். அதைப் புதிய உயிரணுக்களில் இட்டு, 72 மணி நேரம் கழித்து ஒளிர்பவற்றை எண்ணுகிறோம். இயல்வகைக்கும் (மாறாதது) பிறழ்வகைக்கும் (மாறியது) ஒரே கனஅளவு இட்டால், கூடிணைவு குறைந்த பிறழ்வகை தொற்றுத்திறன் குறைந்ததுபோலத் தோன்றும். முதலில் டி.என்.ஏஸ் நொதி இட்டு வெளியில் கிடக்கும் டி.என்.ஏ.வை அழிக்க வேண்டும். பிறகு கூட்டுக்குள் தப்பியதை கியூ.பி.சி.ஆரில் (டி.என்.ஏ. படிகளை அளக்கும் முறை) எண்ணி, அந்த எண்ணால் வகுக்க வேண்டும். வகுத்த பிறகும் குறைந்தால்தான் தொற்றுத்திறன் குறை.

எல்2இன் 9, 12ஆம் இட ஆர்ஜினின்கள் இதற்கு நல்ல சான்று. ஃபியூரின் நொதி வெட்டும் இடம் அது. இரண்டையும் செரினாக மாற்றினால் கூடு நன்றாகவே இணையும், உயிரணுவில் ஒட்டும், உள்ளேயும் போகும், டி.என்.ஏ. மட்டும் உட்கருவைச் சேராது. இதைத் ‘தொற்றாப் பிறழ்வு’ என்போம், 202 போன்றதைக் ‘கூடிணையாப் பிறழ்வு’ என்போம்.

-----

கூடிணைவு, தொற்றுத்திறன் இரண்டுக்கும் என் வாக்கு. ஆனால் எல்1இன் 175, 428ஆம் சிஸ்டீன்களை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? பக்கத்துக் கேப்சோமர்களைக் கந்தகப் பாலத்தால் பூட்டுபவை இவை. பாலம் அமையாத பிறழ்வுகளைக் கூடிணையாதவை என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. 293டிடியில் செய்தால் அவை தளர்ந்த கூடாக இணைகின்றன, தொற்றவும் செய்கின்றன. புரதம் வெட்டும் நொதிக்குத்தான் தாக்குப்பிடிப்பதில்லை. இயல்வகையே 37 டிகிரியில் ஓர் இரவு இருந்தால்தான் இறுகும். இதற்கு மூன்றாவது சொல் வேண்டும்: ‘முதிர்வு’. பழைய சொல்தான், அதுவே போதும்.

முதிர்வைச் சோதிப்பவர்களுக்கு ஒன்று. உயிரணுவை உடைக்கும்போதே என்-எத்தில்மாலியிமைடு (தனித்த சிஸ்டீன்களை அடைக்கும் வேதிப்பொருள்) சேர்க்காவிட்டால் காற்றுப் பட்டே புதுப் பாலங்கள் விழும், முதிராததும் முதிர்ந்ததாகத் தெரியும். ஜெல் மாதிரியில் பாலங்களை உடைக்கும் டி.டி.டி. கலந்துவிட்டாலோ எல்லாம் 55 கிலோடால்டன் ஒற்றைப் பட்டையாக வந்து நிற்கும். பாலத்தால் இணைந்த எல்1 இருமமும் மும்மமும் காணாமல் போகும்.

கேப்சோமருக்கான தமிழ்ச் சொல்லைத் தனி இழையில் பேசலாம். ‘ஐம்மடி’ எனக்குப் பிடிக்கவில்லை.